தேயிலை உலர்த்திய காற்று மகிழுந்துக்குள் வந்த கதை



நம் நாட்டு வெயிலில் மகிழுந்து ஓட்டுவோர் அனைவரும் ஒரு நாளேனும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: "ஏர்கோன் கெட்டுப்போச்சு." இந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, காற்று வருகிறது, குளிர் வரவில்லை. மற்றொன்று, குளிர் இருக்கிறது. அதைச் சுமந்து வரக் காற்று இல்லை. முதலாவது நோய் இயக்கிப் பகுதியில் உள்ள கம்ப்ரசரையும் வாயுவையும் சார்ந்தது. இரண்டாவது, டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் காற்றூதியைச் சார்ந்தது. பட்டறைகளில் அதனைப் 'புளோவர்' என்கிறார்கள். இரண்டுக்கும் செலவு வேறு, வரலாறும் வேறு. குளிரின் வரலாற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். 1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த பொறியிலிருந்து அது தொடங்கும். காற்றின் வரலாறு தேயிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது என்பதை அறிந்தோர் சிலரே. தோட்டத்து மக்களின் வழிவந்தவர்கள் நாம். ஆகையால் அந்தக் கதையை நாம் சற்று உரிமையோடு கேட்கலாம்.

சாமுவேல் கிளெலண்ட் டேவிட்சன் என்பவர் 1846இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். பதினெட்டு வயதுகூட நிரம்பாத நிலையில், 1864இல், அசாமை ஒட்டிய கச்சார் பகுதியின் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் பணியாற்ற வந்தார். அக்காலத்தில் தேயிலை என்பது முற்றிலும் கைத்தொழில். கொய்த கொழுந்தைக் கையால் உருட்டினார்கள். சில இடங்களில் காலாலும் மிதித்து உருட்டினார்கள். பின்னர்க் கரியடுப்பின்மேல் மூங்கில் தட்டுகளில் பரப்பி உலர்த்தினார்கள். புகையும் அனலும் சூழ நின்று வெந்தவர்கள், வெகுதொலைவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட எளிய மக்கள். தட்டில் சிறிது தீ மிகுந்தால் இலை கருகும். குறைந்தால் பூஞ்சை பூக்கும்.

டேவிட்சன் இதற்கு ஒரு மாற்று தேடினார். இலையைத் தீயிடம் கொண்டு செல்வதற்கு மாறாக, சூடான காற்றை இலையிடம் கொண்டு வந்தால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததே அவருடைய உலர்த்திப் பொறி. அதற்கு அவர் இட்ட பெயர் 'சிரோக்கோ'. சகாராவிலிருந்து நடுநிலக் கடலைத் தாண்டி வீசும் அனற்காற்றின் பெயர் அது. தாயகம் திரும்பிய அவர், 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தமது தொழிற்சாலையைத் தொடங்கினார். தொழிற்சாலைக்கும் சிரோக்கோ என்பதே பெயர். அங்கிருந்து புறப்பட்ட பொறிகள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறின. இலங்கை மலைநாட்டில், இலைநோயால் காப்பி அழிந்து தேயிலை தழைத்துவந்த காலம் அது. அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் தமிழகத்திலிருந்து நடந்தும் படகேறியும் சென்ற நம்மவர்கள். அவர்கள் கிள்ளிய கொழுந்து பெல்ஃபாஸ்டில் செய்த இரும்புப் பெட்டிகளுக்குள் உலர்ந்தது.

உலர்த்திக்கு நல்ல காற்று வேண்டும். அன்றிருந்த விசிறிகள் பெரும்பாலும் சில அகன்ற துடுப்புகளைக் கொண்டவை. இடத்தை அடைத்துக்கொண்டு, இரைச்சலோடு சுழன்றன. டேவிட்சன் விசிறியின் உருவத்தையே மாற்றினார். துடுப்புகளைப் பலவாக்கி, குறுக்கி, சுழலும் திசையை நோக்கி முன்பக்கமாக வளைத்து, ஓர் உருளையின் விளிம்பில் நெருக்கமாக நிறுத்தினார். நடுவழியே நுழையும் காற்றை இந்த உருளை விளிம்பின் வழியே வீசி எறியும். சுற்றியுள்ள நத்தை வடிவக் கூடு அதனைத் திரட்டி ஒரே வாயில் வழியாக வெளியே தள்ளும். சிறிய உருவம், மிகுந்த காற்று. 1890களின் இறுதியில் இந்த விசிறிக்கு அவர் காப்புரிமை பெற்றார். சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் அது சென்றது. டைட்டானிக் கப்பலிலும் சிரோக்கோ விசிறிகள் இருந்தன.

உங்கள் மகிழுந்தின் காற்றூதியை வெளியே எடுத்துப் பாருங்கள். ஞெகிழியாலான அந்த உருளை, அச்சு மாறாமல் டேவிட்சனின் விசிறிதான். அணில் ஓடும் கூண்டைப் போல் இருப்பதால் ஆங்கிலம் பேசுவோர் அதற்கு அணிற்கூண்டு என்று பெயர் சூட்டினார்கள். ஜப்பானியர்களோ இன்றளவும் அதனைச் 'சிரோக்கோ விசிறி' என்றே அழைக்கிறார்கள். மொழியாசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தமானது. பாலைவனக் காற்றின் பெயர், அசாமின் கரியடுப்பைக் கடந்து, பெல்ஃபாஸ்டின் வழியாக ஜப்பானியப் பொறியாளர் நாவில் குடியேறிவிட்டது!

இனி, மகிழுந்துக்குள் வருவோம். தொடக்ககால மகிழுந்துகளுக்குக் கூரையே சரியாக இல்லை, காற்றுக்குப் பஞ்சமில்லை. 1920களில் மூடிய உடலமைப்புப் பெருகிய பிறகுதான் உள்ளே இருப்போருக்கு வெப்பமும் காற்றும் கொடுக்க வேண்டிய தேவை எழுந்தது. குளிர்நாடுகளில் இயக்கியின் வெந்நீரைச் சிறு ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட்டு, பின்னால் ஒரு மின்விசிறியை வைத்தார்கள். அந்த விசிறி உள்ளே இருந்த காற்றையே சுற்றிச் சுற்றி வீசியது. 1938இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம், பின்னர் 'வெதர் ஐ' எனப் பெயர்பெற்ற அமைப்பைக் கொண்டுவந்தது. வெளிக்காற்றை உள்ளிழுத்து, வடிகட்டி, சூடாக்கி, கண்ணாடிகளை மூடியபடியே பயணம் செய்ய அது வழிவகுத்தது. இன்று நாம் காணும் காற்றோட்ட அமைப்பின் மூத்த அண்ணன் அதுவே.

குளிரூட்டியை மகிழுந்தில் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்த நிறுவனம் பேக்கார்ட். 1939இன் இறுதியில் அறிமுகமாகி, 1940ஆம் ஆண்டு மாதிரிகளில் விற்கப்பட்டது. விலை 274 டாலர். அந்நாளில் அது சிறு தொகையன்று. குளிர்ச் சுருளும் விசிறியும் பின்பெட்டியில் பாதி இடத்தை விழுங்கின. விந்தை என்னவென்றால், கம்ப்ரசரை நிறுத்த வழியே இல்லை. இயக்கி ஓடும்வரை அதுவும் ஓடும். குளிர் வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஓட்டுநர் கையில் இருந்த ஒரே கட்டுப்பாடு காற்றூதியின் பொத்தான்தான். அதாவது, மகிழுந்துக் குளிரூட்டியின் முதல் அத்தியாயத்தில், வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது என்பதன் பொருள் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே! 1941க்குப் பிறகு பேக்கார்ட் அதனைக் கைவிட்டது. போருக்குப்பின் 1953இல் கிறைஸ்லர் முதலிய நிறுவனங்கள் மீண்டும் குளிரூட்டியைக் கையிலெடுத்தன. 1954இல் நாஷ் நிறுவனம் சூட்டையும் குளிரையும் ஒரே அமைப்பாக்கி, அனைத்தையும் வண்டியின் முன்பகுதிக்குள் அடக்கிவிட்டது. பின்பெட்டி விடுதலை பெற்றது.

நம் நாட்டில் மோரிஸ் மைனர் ஓடிய காலத்தில் முன்கதவின் முக்கோணச் சிறு கண்ணாடியே குளிரூட்டி. அதைத் திருப்பிவிட்டால் காற்று முகத்தில் அறையும். பின்னர் வந்த டட்சன், தொயோத்தா வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே தனிப்பெட்டி ஒன்று தொங்கும். என் மாமாவின் டட்சனில் அந்தப் பெட்டிக்கு எதிரே யார் அமர்வது என்று நாங்கள் சண்டையிட்டது உண்டு. 1985இல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வந்து, நடுத்தரக் குடும்பங்களுக்கும் மகிழுந்து வாய்த்தபோது, அந்தப் பெட்டி டேஷ்போர்டுக்குள் மறைந்துபோனது. கண்ணுக்கு மறைந்த பொருள் அறிவுக்கும் மறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இப்பொழுது ஒரு கேள்வி. காற்றூதிக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வேகங்கள் உள்ளனவே, அவை எப்படி உண்டாகின்றன?

விடையைத் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789இல் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். பாடவேளை போக மீதி நேரத்தில் கம்பிகளை அளந்து, மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்து 1827இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அந்நூலுக்குக் கிடைத்த வரவேற்பு மிகக் குளிர்ந்தது. அவர் பணியையும் துறந்தார். 1841இல் இலண்டன் அரச கழகம் கோப்ளி பதக்கம் வழங்கிய பிறகே அவர் பெருமை பரவியது.

பழைய மகிழுந்தின் காற்றூதி ஓம் விதியின் நேரடி விளக்கம். நான்காம் வேகத்தில் மின்கலத்தின் 12 வோல்ட்டும் நேராக மோட்டாருக்குப் போகும். மற்ற மூன்று வேகங்களில், வழியில் மின்தடைச் சுருள்கள் தொடர் மின்சுற்றாகக் குறுக்கே நிற்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் வேகத்தில் 2 ஓம் தடை வழியே 4 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். தடையில் 8 வோல்ட் செலவாகிறது. மோட்டாருக்கு 4 வோல்ட் மட்டுமே மிஞ்சுகிறது. விசிறி மெல்லச் சுழல்கிறது. அந்த 8 வோல்ட் எங்கே போயிற்று? 8 × 4 = 32 வாட் வெப்பமாகப் போயிற்று. ஈயம் பற்றவைக்கும் சிறு கோலின் வெப்பத்துக்கு அது நிகர். குளிரூட்டும் கருவிக்குள் ஓர் அடுப்பு! இந்த அடுப்பு வேகாமல் இருக்க, பொறியாளர்கள் அதைக் காற்றூதியின் குழாய்க்குள்ளேயே பொருத்தினார்கள். தான் மட்டுப்படுத்தும் காற்றே தன்னைக் குளிர்விக்கும்படி அமைத்தது நல்ல தந்திரம். ஆனால் விசிறி தளர்ந்தால் தடையும் வெந்துபோகும் என்பதும் இதனால் விளைந்ததே. பல தடைகளில் அளவு மீறிச் சூடேறினால் அறுந்துவிடும் வெப்ப உருகி ஒன்றும் உண்டு.

இந்த அறிவு எங்கள் பள்ளிக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதைச் சொல்கிறேன். தோட்டப்புறத்திலிருந்து பதினொரு பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். வேனுக்கு வயது இருபதுக்கும் மேல். சில வாரங்களாகப் பிற்பகல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சட்டை நனைந்து, முகம் சிவந்து, முதல் பாடவேளை முழுவதும் சோர்ந்திருந்தார்கள். காரணம் கேட்டேன்.

"சார், ஏர்கோன் போச்சாம். டேஷ்போர்ட கழட்டி, கூலிங் காயில், கம்ப்ரசர் எல்லாம் மாத்தணும்னு பட்டறையில சொல்றாங்க. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியாம். புள்ளைங்ககிட்ட வாங்குற காசுல நான் எங்க சார் போறது?"

"காத்து சுத்தமா வரலியா, இல்ல கொஞ்சமா வருதா?" என்று கேட்டேன்.

"நாலுல வச்சா வரும் சார், சில்லுனு வரும். ஆனா பேய் மாதிரி சத்தம். புள்ளைங்க கூப்பிட்டாக்கூட கேக்காது. ஒன்னு, ரெண்டு, மூனுல ஒன்னுமே இல்ல. அதான் அடைச்சிட்டு கண்ணாடிய தொறந்து விட்டுடறேன்."

நோயறிதல் அந்த விடையிலேயே முடிந்துவிட்டது. நான்கில் குளிர்ந்த காற்று வருகிறது என்றால், கம்ப்ரசர் நலம், வாயு நலம், குளிர்ச் சுருள் நலம், மோட்டாரும் சுழல்கிறது. தடையைச் சுற்றிச் செல்லும் பாதை வேலை செய்கிறது. தடை வழியே செல்லும் பாதைகள் மூன்றும் ஒன்றாகச் செத்திருக்கின்றன. ஆகவே, பழுது மின்தடையிலோ அதன் இணைப்பிலோதான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பள்ளித் திடலின் மரத்தடியில் பார்த்தோம். பழைய வண்டிகள் பலவற்றில் இத்தடை பயணியின் காலடிக்கு மேலே, காற்றுக்குழாயில் இரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். இங்கும் அப்படியே. வெளியே எடுத்தபோது சுருள் ஒன்று அறுந்திருந்தது. மல்டிமீட்டரை வைத்ததும் மூன்று முனைகளிலும் தொடர்பு இல்லை என்று காட்டியது. இணைப்பியின் ஞெகிழி பழுப்பேறி இளகியிருந்தது.

பலரும் இந்த இடத்தில் புதுத் தடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது சில மாதங்களில் மீண்டும் வேகும். தடை ஏன் அறுந்தது என்று கேட்க வேண்டும். காற்றூதியைக் கழற்றி உருளையைக் கையால் சுற்றினேன். நல்ல விசிறி சில சுற்றுகள் தானாக ஓடி மெல்ல நிற்கும். இது கையை எடுத்தவுடன் நின்றது. உள்ளே காய்ந்த இலைகளும் பிள்ளைகள் தின்ற மிட்டாயின் உறை ஒன்றும் கிடந்தன. அந்த வேனில் காற்று வடிகட்டி கிடையாது. மோட்டாரின் புஷ்ஷும் எண்ணெய் வற்றி இறுகியிருந்தது. இறுகிய மோட்டார் தடுமாறிச் சுழலும்போது மின்னோட்டம் மிகும், தடை கூடுதலாகச் சூடாகும், காற்றோ குறைவு. 'பேய்ச் சத்தம்' எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிற்று. இலைகளை அகற்றிச் சுத்தம் செய்தோம். மோட்டாரையும் தடையையும் இணைப்பியையும் ஓட்டுநர் நம்மூர் 'போத்தோங்' கடையில் 120 வெள்ளிக்கு வாங்கி வந்தார். பூட்டுவதற்கு ஒரு மணி நேரம்.

பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன்; "ஏர்கோன் கெட்டுப்போச்சு" என்ற வாக்கியத்துக்கு அவர்கள் ஒரு விலை சொன்னார்கள், அவ்வளவே. ஆகவே பெற்றோர்களே, பட்டறைக்குப் போகுமுன் அடையாளங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். எந்த வேகத்திலும் காற்றில்லை என்றால் முதலில் உருகியைப் பாருங்கள். பிறகு ரிலே, பிறகு மோட்டாரின் இணைப்பியில் மின்சாரம் வருகிறதா என்பது. மின்சாரம் வந்தும், எர்த் சரியாக இருந்தும் மோட்டார் சுழலவில்லையா? திருப்புளியின் கைப்பிடியால் மோட்டாரின் உடலை மெதுவாகத் தட்டுங்கள். உடனே சுழலத் தொடங்கினால் உள்ளிருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள்; அது நெடுநாள் தாங்காது.

இன்னொன்று பலரையும் குழப்பும். புறப்படும்போது நன்றாக வீசிய காற்று, ஒரு மணி நேர நெடுஞ்சாலைப் பயணத்தில் படிப்படியாகக் குறைந்து, ஓய்விடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் மீண்டும் பழையபடி வீசும். அது காற்றூதியின் குற்றமன்று. குளிர்ச் சுருளில் பனி உறைந்து காற்றின் வழியை அடைத்திருக்கிறது. அங்கே தேட வேண்டியது வெப்ப உணரியை.

காற்றில்லாத வண்டிக்கு 'கேஸ்' அடிப்பது வீண் வேலை. வாயுவுக்கும் தனி வரலாறு உண்டு. தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1930இல் அறிமுகப்படுத்திய குளோரோஃபுளோரோகார்பன் வகை வாயுக்கள், ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். 1987இல் மொன்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. 1990களில் மகிழுந்துகள் ஆர்-134ஏ வாயுவுக்கு மாறின. அதைப் பற்றித் தனியே எழுதலாம்.

தானியங்கிக் குளிரூட்டி உள்ள வண்டிகளுக்கு மேற்சொன்ன நான்கு வேகச் சோதனை பொருந்தாது. 1964ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளில்தான், ஓட்டுநர் வெப்பநிலையைச் சொல்ல, கருவியே மற்றதைப் பார்த்துக்கொள்ளும் முறை வந்தது. பின்னாளில் கணினி புகுந்ததும், சுருள் தடையின் இடத்தில் டிரான்சிஸ்டர் அமர்ந்தது. அதன் முதுகில் அலுமினியச் சீப்பு ஒன்று இருக்கும். அதுவும் காற்றுக்குழாய்க்குள்தான் குளிர் காய்கிறது. அது பழுதுபட்டால் விசிறி முழு வேகத்திலேயே நிற்கும். அல்லது சுழலவே சுழலாது. சிலவற்றில் சாவியை எடுத்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். விடிவதற்குள் மின்கலம் காலியாகிவிடும். இவ்வகை வண்டியில் மோட்டாருக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பார்ப்பதே முதற்சோதனை. அப்போது ஒழுங்காகச் சுழன்றால் மோட்டார் நலம். டிரான்சிஸ்டரையோ அதற்குக் கட்டளையிடும் கணினியையோதான் ஐயுற வேண்டும்.

அறுந்த தடையையும் இறுகிய மோட்டாரையும் ஓட்டுநரிடம் கேட்டு வாங்கி அறிவியல் அறையில் வைத்திருக்கிறேன். தொடர் மின்சுற்றுப் பாடத்தின்போது, அறுந்த சுருளைக் கம்பியால் இணைத்து, சிறு மின்விளக்கு ஒன்றைத் தடையோடும் தடையின்றியும் எரியவிட்டுக் காட்டினேன். விளக்கு மங்கியதைப் பார்த்த அந்த வேன் பிள்ளைகளுள் ஒருத்தி, "அப்ப இதுதான் சார் ஒன்னாம் நம்பரா?" என்று கேட்டாள். இன்னொருவன் உருளையின் துடுப்புகளை எண்ணத் தொடங்கினான். பாதியில் மணியடித்துவிட்டது, மறுநாள் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.